இசை கேட்பதும் மனநிலையும் உள்ளுணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டுக் கேட்டால் மனம் இலேசாகிறது என்பது உண்மையா, வெறும் நம்பிக்கையா?

உண்மைதான். மூளையின் செயல்பாட்டிலேயே அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பிளட், ராபர்ட் ஸட்டோர் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற ஒவ்வொருவரும் தமக்கு மெய்சிலிர்க்க வைக்கும் இசையைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்து கேட்டார்கள். சிலிர்ப்பு கூடக் கூட, உணவு போன்ற அடிப்படை இன்பங்களின்போது இயங்கும் அதே மூளைப் பகுதிகளில் இரத்த ஓட்டம் மாறுவதை பெட் ஸ்கேன் படங்கள் காட்டின. பத்தாண்டுகள் கழித்து, 2011-இல், வலோரி சலிம்பூரும் அவருடன் உழைத்தவர்களும் அத்தகைய தருணங்களில் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் வெளிப்படுவதைக் கண்டறிந்தார்கள்.

இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று யாரேனும் வாதிடலாம். அந்த வாதத்துக்கு 2019-இல் பதில் கிடைத்தது. லாரா ஃபெரெரியும் குழுவினரும் ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாட்களில் டோபமைனைக் கூட்டும் மருந்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என மூன்றையும் கொடுத்து இசை கேட்கச் செய்தார்கள். முதலாவதைக் கொடுத்தபோது இசையின் இன்பம் கூடியது. இரண்டாவதைக் கொடுத்தபோது குறைந்தது.

இசை பசியை ஆற்றுவதில்லை, உயிரைக் காப்பதுமில்லை. பிறகு ஏன் மூளை அதற்கு இவ்வளவு மகிழ்கிறது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளிலேயே ஆழமானது இதுதான் என்பது என் எண்ணம். உள்ளுணர்வைப் பற்றிப் பின்னால் சொல்லப்போவதற்கும் இதற்கான பதிலே அடித்தளம்.

பாட்டைக் கேட்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அடுத்து எந்தச் சுரம் வரும், தாளத்தின் தட்டு எங்கே விழும், பல்லவி எப்போது திரும்பும் என்று ஒவ்வொரு கணமும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊகம் பலித்தால் ஒரு நிறைவு. பலிக்கச் சற்றுத் தாமதமானால் ஒரு தவிப்பு. எதிர்பாராத இடத்துக்குப் பாட்டு நகர்ந்து, அந்த நகர்வும் பொருத்தமாகவே அமைந்துவிட்டால் வியப்பு. இசையின் உணர்ச்சி எதிர்பார்ப்பிலிருந்து பிறக்கிறது என்ற இக்கருத்தை லியோனார்ட் மேயர் என்ற இசையியலறிஞர் 1956-இலேயே விரிவாக எழுதினார். மேற்சொன்ன 2011-ஆம் ஆண்டு ஆய்வில் இதற்கு உடலியல் சான்று கிடைத்தது: உச்சத் தருணம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே, எதிர்பார்க்கும் நிலையில், மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் கூடியது, உச்சம் வந்த வேளையில் வேறொரு பகுதியில் கூடியது. அதாவது, வரப்போகிறது என்று காத்திருப்பதும் இன்பத்தின் ஒரு பாதி.

இன்னொரு நுட்பமும் உண்டு. வின்சென்ட் சுங் என்பவரும் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க வெற்றிப் பாடல்கள் பலவற்றின் சுரக்கூட்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, கணினியால் அலசியது. அடுத்து வருவது இன்னதுதான் என்று கேட்பவர் உறுதியாக நம்பியிருந்த இடத்தில் வியப்பூட்டும் சுரக்கூட்டு வந்தால் அது பிடித்திருந்தது. எது வரும் என்று தெரியாமல் குழம்பியிருந்த இடத்தில் எளிதான சுரக்கூட்டு வந்தால் அதுவும் பிடித்திருந்தது. முற்றிலும் ஊகிக்க முடிவது சலிப்பூட்டுகிறது. முற்றிலும் ஊகிக்க முடியாதது இரைச்சலாகிறது. நமக்குப் பிடித்த பாட்டு இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதால்தான் ஒருவர் உருகும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகிறது.

எனக்கு இசை இலக்கணம் தெரியாது. இந்த ஊகமெல்லாம் எனக்குள்ளும் நடக்குமா?

நடக்கிறது; நடப்பது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இசைப் பயிற்சி சிறிதும் இல்லாதவர்களை வைத்து ஸ்டெஃபான் கெல்ஷ் குழுவினர் 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒழுங்காகச் செல்லும் சுரக்கூட்டுகளின் வரிசைக்கு நடுவே பொருந்தாத ஒன்றை நுழைத்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் அவர்களுடைய மூளையின் மின்னலைப் பதிவில் அதற்கான எதிர்வினை தோன்றியது. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று எண்ணிக் காலை வைக்கும்போது தரை தட்டுப்படுமே, அந்தத் திடுக்கிடல் போன்றதுதான் இது. படிகளை யாரும் எண்ணிக்கொண்டு இறங்குவதில்லை, ஆனால் கால் எண்ணி வைத்திருக்கிறது.

இந்தக் கணிப்பு பிறந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. உறங்கும் பச்சிளங்குழந்தைகளுக்குத் தாள வரிசையைக் கேட்கச் செய்து, அதன் முதல் தட்டை மட்டும் விட்டுவிட்டபோது, அவர்களின் மூளை அந்த விடுபாட்டைக் கண்டுகொண்டது என்று 2009-இல் இஷ்ட்வான் விங்க்ளர் குழுவினர் காட்டினார்கள். ஜென்னி சாஃப்ரன் முதலியோர் 1999-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எட்டு மாதக் குழந்தைகளும் பெரியவர்களும், இடைவெளியே இல்லாமல் ஓடும் சுரத் தொடரில் எந்தச் சுரத்தை அடுத்து எது அடிக்கடி வருகிறது என்பதைக் கேட்டே கற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்கு விதி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உள்ளுணர்வு என்று இங்கே எதைக் குறிக்கிறீர்கள்? நடக்கப்போவதை முன்கூட்டியே அறியும் ஆற்றலா?

இல்லை. காரணத்தை வாயால் சொல்ல முடியாத நிலையிலும் சரியாக அறிந்துகொள்ளும் திறனையே இங்கே உள்ளுணர்வு என்கிறோம். அனுபவமுள்ள செவிலியர் நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று உணர்வதும், இயந்திரத்தின் ஓசை மாறியதுமே மெக்கானிக் அதை நிறுத்துவதும் இவ்வகையில் அடங்கும். முன்பு பலமுறை கண்டவற்றின் சாயலை மனம் அடையாளம் காண்பதுதான் உள்ளுணர்வு என்று மனிதர் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த அறிஞர் ஹெர்பர்ட் சைமன் விளக்கினார். அதில் மாயம் எதுவும் இல்லை.

இப்படி அறியாமலே கற்பதை ஆய்வுக்கூடத்தில் முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஆர்தர் ரீபர் முக்கியமானவர். 1967-இல் வெளியான அவருடைய சோதனையில், மறைவான விதிகளின்படி கோத்த எழுத்து வரிசைகளைச் சிலர் மனப்பாடம் செய்தார்கள். பிறகு புதிய வரிசைகளைக் காட்டியபோது, எவை விதிக்கு உட்பட்டவை என்பதைக் குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடியதைவிட நன்றாகவே பிரித்துச் சொன்னார்கள். விதி என்ன என்று கேட்டபோது மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை. இசையின் இலக்கணம் தெரியாதவர் அபஸ்வரத்தைக் கேட்டு முகம் சுளிப்பதும் இதுவே.

சரி, இசை கேட்பது அந்த உள்ளுணர்வை எப்படி வளர்க்கிறது?

இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்றுக்கு நேரடிச் சான்று உண்டு. மற்றொன்று மேலே சொன்னவற்றிலிருந்து நான் பெறும் முடிவு. இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

முதல் வழி மனநிலை. அனெட் போல்டே, தாமஸ் கோஷ்கே, யூலியுஸ் கூல் ஆகிய மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மூன்று சொற்களாகக் காட்டி, அம்மூன்றையும் இணைக்கும் பொதுச் சொல் ஒன்று உண்டா இல்லையா என்று மட்டும் சட்டென்று சொல்லச் செய்தார்கள். அந்தப் பொதுச் சொல் எது என்று கண்டுபிடிக்க நேரம் கொடுக்கவில்லை; உள்ளுணர்வால் மட்டுமே பதில் சொல்ல முடியும். வாழ்வின் மகிழ்ச்சியான நிகழ்ச்சிகளை நினைத்துப் பார்த்து மனம் தெளிந்திருந்தவர்களின் பதில்கள் மேம்பட்டன. துயரமானவற்றை நினைத்து மனம் வாடியிருந்தவர்களின் பதில்களோ காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதற்கு மேல் சிறக்கவில்லை. அவர்கள் மனநிலையை மாற்றியது நினைவுகளால்தான், இசையால் அல்ல. ஆனால் மனநிலையை மாற்றுவதில் இசை எவ்வளவு வலியது என்று முதலிலேயே பார்த்தோம். நெதர்லாந்தில் சிமோன் ரிட்டரும் சாம் ஃபெர்குசனும் 155 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உற்சாகமான இசையைக் கேட்டவர்கள், அமைதியில் இருந்தவர்களைவிட, ஒரு பொருளுக்குப் புதுப்புதுப் பயன்களை எண்ணிச் சொல்வது போன்ற விரிந்த சிந்தனையில் முன்னேறினார்கள். ஒரே விடையுள்ள புதிர்களில் அத்தகைய முன்னேற்றம் இல்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வழி பழக்கம். வாழ்க்கையில் நம் ஊகம் சரியா தவறா என்று தெரிய நாட்களும் மாதங்களும் ஆகும். பல ஊகங்களுக்கு விடை கடைசிவரை தெரியாமலே போகும். இசையிலோ ஊகித்த அடுத்த நொடியே விடை வந்துவிடுகிறது, அதுவும் தண்டனை எதுவும் இல்லாமல். தவறாக ஊகித்தாலும் நட்டமில்லை, வியப்புத்தான் கிடைக்கிறது. இப்படி ஊகிப்பது, காத்திருப்பது, திருத்திக்கொள்வது என்ற சுற்றை உடம்பாலும் உணர்வாலும் அறிந்தவர், தமக்குள் எழும் மெல்லிய சமிக்ஞைகளைக் கவனிக்கப் பழகுகிறார் என்பது என் கருத்து. இதனால் பங்குச் சந்தையையோ மனிதர்களின் குணத்தையோ ஊகிக்கும் திறன் தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. இசை கேட்டுப் பெறும் நேரடி அறிவு இசையைப் பற்றியதே. மற்றத் துறைகளுக்குப் பெயர்வது கவனிக்கும் பழக்கம் மட்டுமே. ஆனால் அது சிறிய இலாபம் அல்ல.

மொசார்ட் கேட்டால் அறிவு கூடும் என்கிறார்களே?

1993-இல் ஃபிரான்சிஸ் ராஷரும் வேறு இருவரும் வெளியிட்ட ஒரு பக்க ஆய்வுதான் அதற்கு மூலம். 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், இடம் சார்ந்த புதிர்களைச் சற்றுச் சிறப்பாகச் செய்தார்கள். அந்தப் பயன் கால் மணி நேரம் கூட நிலைக்கவில்லை. குழந்தைகளை அவர்கள் சோதிக்கவே இல்லை. அப்படியிருந்தும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத் தட்டு வழங்க நிதி கேட்கும் அளவுக்கு விஷயம் வளர்ந்துவிட்டது. பிறகு 2001-இல் வில்லியம் தாம்சன், க்ளென் ஷெலன்பெர்க், கப்ரியேலா ஹுசைன் ஆகியோர், அந்தப் பயன் மனநிலையும் சுறுசுறுப்பும் கூடியதால் வந்ததே என்று காட்டினார்கள். ஆகவே இதில் மொசார்ட்டுக்கென்று தனி மந்திரம் இல்லை. உங்களுக்கு உற்சாகம் தரும் எந்த இசையும் அந்தச் சிறிய வேலையைச் செய்யும்.

வேலை செய்யும்போது பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருந்தால் போதுமா?

மனநிலைக்குச் சில நேரம் போதும். உள்ளுணர்வுக்குப் போதாது, சில சமயம் எதிராகவும் வேலை செய்யும். பிரிட்டனில் எம்மா த்ரெட்கோல்ட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மேலே சொன்னதைப் போன்ற பொதுச் சொல்லைக் கண்டுபிடிக்கும் புதிர்களைத் தீர்ப்பவர்களுக்குப் பின்னணியில் இசை ஒலித்தபோது, அமைதியில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே விடை கண்டார்கள். பாடல் வரிகள் தெரிந்த மொழியில் இருந்தாலும், தெரியாத மொழியில் இருந்தாலும், வரிகளே இல்லாவிட்டாலும் முடிவு மாறவில்லை. கேட்பவருக்கு மகிழ்ச்சி தந்த இசையும் விலக்காகவில்லை. இசையை முதலில் கேட்டு முடித்துவிட்டு, பிறகு யோசிப்பதே என் பரிந்துரை.

சோகப் பாட்டுக் கேட்டால் மனம் இன்னும் சோர்ந்துவிடாதா? ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கிறது.

பெரும்பாலானவர்களுக்குச் சோர்வு வருவதில்லை. லிலா தருஃபியும் ஸ்டெஃபான் கெல்ஷும் 772 பேரிடம் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சோக இசை தூண்டும் உணர்வு எது என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன விடை சோகம் அல்ல, பழைய நாட்களை எண்ணும் ஏக்கம்தான். அமைதி, கனிவு போன்றவையும் வந்தன. உண்மையான இழப்பு எதுவும் இல்லாமல் துயரத்தின் அருகில் அமர்ந்து அதைப் பார்க்க இசை இடம் தருகிறது. நம்மைப் போலவே வருந்திய இன்னொருவர் இருக்கிறார் என்ற ஆறுதலும் கிடைக்கிறது.

ஆனால் ஒரே மனக்குறையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் இயல்புள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சோகப் பாட்டைக் கேட்டபின் முன்னைவிடத் தாழ்ந்த மனநிலையில் எழுகிறார்கள் என்பதைச் சாண்ட்ரா கரிடோவும் எமரி ஷூபர்ட்டும் தம் ஆய்வுகளில் கண்டார்கள். பாட்டு முடிந்த கால் மணி நேரத்துக்குப் பிறகு மனம் எப்படி இருக்கிறது என்று கவனித்தால் நீங்கள் எந்த வகை என்பது தெரிந்துவிடும். கேட்கும் நேரத்து இன்பத்தை வைத்து அளக்க வேண்டாம், அது ஏமாற்றும்.

மனம் சரியில்லாத நேரத்தில் உடனே துள்ளலான பாட்டைப் போடலாமா?

பலருக்கு அது எரிச்சலையே தரும். இசை சிகிச்சையாளர்கள் 1940-களில் ஐரா ஆல்ட்ஷூலர் வகுத்த வேறொரு முறையைப் பின்பற்றுகிறார்கள்: முதலில் இப்போதைய மனநிலைக்கு ஒத்த இசை, பிறகு சற்றே தெளிந்தது, அதன் பிறகு விரும்பும் நிலைக்கு உரியது. வீட்டிலும் மூன்று நான்கு பாட்டுகளை இந்த வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம்.

மகிழ்ந்தே ஆக வேண்டும் என்று தன்னையே கண்காணித்துக்கொண்டு கேட்பதும் உதவாது. ஜொனாதன் ஸ்கூலர் முதலியோர் 2003-இல் வெளியிட்ட சோதனையில், கரடுமுரடான ஓர் இசைப் படைப்பைக் கேட்டபடி மகிழ்ச்சியடைய முயன்றவர்கள் முயலாதவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். பத்தாண்டுகள் கழித்து யூனா ஃபெர்குசனும் கென்னன் ஷெல்டனும் உற்சாகமான இசையைக் கொடுத்துப் பார்த்தபோது, முயற்சி பலன் தந்தது. இசை பொருத்தமாக இருந்தால் விருப்பம் துணை நிற்கும். பொருந்தாத இசையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

உள்ளுணர்வை வளர்க்க எப்படிக் கேட்க வேண்டும்?

கையில் வேறு வேலை இல்லாமல், ஒரு பாட்டை முழுமையாக, முதலிலிருந்து கடைசிவரை கேட்பதே அடிப்படை. ஒரு நாள் ஒரு படைப்பு போதும். அடுத்து எங்கே போகும் என்று மனம் தானாக ஊகிப்பதைக் கவனியுங்கள். வலிந்து ஊகிக்க வேண்டாம். பாட்டு வேறு திசையில் திரும்பும்போது மூச்சு எங்கே நிற்கிறது, நெஞ்சில் என்ன நிகழ்கிறது, தோளின் இறுக்கம் எப்போது தளர்கிறது என்று பாருங்கள். உள்ளுணர்வு பெரும்பாலும் சொல்லாக வருவதற்கு முன் உடலில்தான் தோன்றுகிறது, அதைக் கண்டுகொள்ளப் பழக இதைவிட இனிமையான இடம் இல்லை.

பழகிய இசையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் ஊகம் கூர்மையடையாது. புதிய இசை மரபு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதே படைப்பைச் சில நாட்கள் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதல் நாள் வெறும் ஓசையாக இருந்தது, மூன்றாம் நான்காம் முறை கேட்கும்போது ஓர் ஒழுங்காகத் தெரியத் தொடங்கும். யாரும் விளக்காமலே தெரியும். அறியாமல் கற்பது எப்படி இருக்கும் என்பதை உள்ளிருந்தே காண்பதற்கு இது நல்ல வாய்ப்பு.

இசை முடிந்ததும் அடுத்த பாட்டு தானாகத் தொடங்காதபடி நிறுத்திவிடுங்கள். லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமான இசையின்போது மூச்சும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. ஆனால் இடையில் விட்ட இரண்டு நிமிட அமைதியில் அவை இசை தொடங்குவதற்கு முன்பிருந்த அளவைவிடவும் தாழ்ந்தன. இசைக்குப் பின் வரும் அமைதி வெற்று அமைதியைவிடத் தளர்வு தருகிறது. முடிவு எடுக்க வேண்டிய விஷயம் இருந்தால் அதை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

எனக்கு எந்த இசையும் எதையும் தருவதில்லை. என்னிடம் ஏதேனும் குறை இருக்கிறதா?

இல்லை. செவித்திறனும் இன்பத்தை உணரும் திறனும் நன்றாக இருந்தும் இசையில் மட்டும் ஈடுபாடு தோன்றாதவர்கள் உண்டு. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் அப்படி இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. 2014-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் அத்தகையவர்களுக்குப் பரிசுப் பணம் வெல்லும் விளையாட்டைக் கொடுத்தபோது, மற்றவர்களைப் போலவே அவர்கள் மகிழ்ந்தார்கள். உங்களுக்கு நடைப்பயிற்சியோ ஓவியமோ அந்த வேலையைச் செய்யலாம்.

மனச்சோர்வு நோய்க்கு இசை மருந்தாகுமா?

துணையாகும், மாற்றாகாது. பயிற்சி பெற்றவர் நடத்தும் இசை சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத் தரும்போது, வழக்கமான சிகிச்சையை மட்டும் தருவதைவிடக் குறுகிய காலத்தில் நல்ல பலன் கிடைக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு முடிவு செய்தது. தனியே பாட்டுக் கேட்பதும் சிகிச்சையாளருடன் செய்வதும் ஒன்றல்ல. வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு ஒலியில், எவ்வளவு நேரம் கேட்கலாம்?

பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒலி கூடக் கூட அந்த நேரம் விரைவாகக் குறையும். கேட்டபின் காதில் ரீங்காரம் இருந்தால் ஒலி மிகுதியாகிவிட்டது என்று பொருள்.

இசை கேட்டபின் தோன்றும் உள்ளுணர்வை நம்பி முடிவெடுக்கலாமா?

எந்தத் துறையில் என்பதைப் பொறுத்தது. உளவியலாளர்களான டேனியல் கானமனும் கேரி க்ளைனும் இவ்விஷயத்தில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்கள்: முன்னவர் உள்ளுணர்வை ஐயத்தோடு பார்த்தவர், பின்னவர் அனுபவசாலிகளின் உள்ளுணர்வை மதித்தவர். இருவரும் சேர்ந்து 2009-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளை ஒப்புக்கொண்டார்கள். அந்தத் துறையில் கற்றுக்கொள்ளத்தக்க ஒழுங்கு இருக்க வேண்டும். அதில் நீங்கள் நீண்ட காலம் உழன்று, உங்கள் ஊகங்களின் விளைவை உடனுக்குடன் கண்டிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளுணர்வுக்குச் செவிகொடுக்கலாம். இல்லாவிட்டால், எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் அது ஒரு விருப்பமாகவே இருக்கக்கூடும். இசையால் மனம் மலர்ந்திருக்கும் நேரத்தில் எல்லாமே சரியாகத் தோன்றும் என்பதால் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிறது.

ஆகவே, தோன்றியதை அப்போதே ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள்: என்ன தோன்றியது, எவ்வளவு உறுதியாகத் தோன்றியது, அதற்கு முன் எந்த இசையைக் கேட்டீர்கள், அப்போது மனநிலை எப்படி இருந்தது. விளைவு தெரிந்ததும் பக்கத்திலேயே அதையும் குறியுங்கள். கையெழுத்திடுவது, பணம் கட்டுவது போன்ற திரும்பப் பெற முடியாதவற்றை மட்டும் மறுநாள், எந்தப் பாட்டும் கேட்காத ஒரு நேரத்தில், மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.